45 கிலோவுக்குள் ஓர் இரவு

புதன்கிழமை

சனிக்கிழமை போயா, முழுநிலவு நாள். அன்று விடியத் திருகோணமலையில் கிண்ணியாப் பாலத்தடியில் கனூத் தோணியை இறக்கித் தம்பலகாமக் குடாவுக்குள் போகிறோம். தென்மேற்குக் கரையில் மச்சானின் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் வாடி, அதாவது மீன்பிடிக் குடில், இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இரவு தங்கிவிட்டு ஞாயிறு திரும்புவோம். போகவர எல்லாமாகப் பதின்மூன்று கிலோமீற்றர்தான். துடுப்புப் போடுவது பற்றி எனக்குக் கவலையில்லை. எதை ஏற்றுவது, எதை வீட்டில் விடுவது என்பதுதான் நாலு நாளாக மண்டைக்குள் ஓடுகிறது. அதனால் இந்தக் குறிப்புகளில் போன கதையைவிட மூட்டை கட்டிய கதை கூடுதலாக இருக்கும்.

ஏன் தம்பலகாமக் குடா என்று வீட்டில் கேட்டார்கள். கொட்டியாரக் குடா பெரியது, மிக ஆழமானது, வெளிக்கடலைப் பார்த்தபடி கிடப்பது. மகாவலி வந்து விழும் மூதூர்ப் பக்கத்தில் முதலைப் பயமும் உண்டு. உள்துறைமுகம் கப்பலுக்கும் கடற்படைக்கும் உரிய இடம். தம்பலகாமக் குடா அப்படியில்லை. கிண்ணியாவடியில் ஒரு குறுகலான வாயால் கடலோடு தொடுத்துக்கொண்டு, உள்ளே ஆழம் குறைந்து, கரை சுற்றிக் கண்டல் அடர்ந்து கிடக்கிறது. சிறிய தோணிக்கு ஏற்ற நீர். பங்குனியில் தென்மேற்குச் சோழகமும் இல்லை, வடகிழக்கு வாடையும் இல்லை. பகலில் கடற்காற்று மட்டும் எழும்பும், அதுவும் உச்சி வெயிலுக்குக் கிட்டத்தான்.

இன்று உப்புவெளியில் கனூ பார்த்தோம். இரண்டு வகை கிடந்தன. ஒன்று, உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் கனூ. அதன் மேலே குந்தியிருந்து போக வேண்டும். அது தாழாது, உள்ளே தண்ணீர் நிறையாது. ஆனால் சாமான் முழுவதும் வெளியே வெயிலிலும் நீரிலும் கிடக்கும். மற்றது, திறந்த ஃபைபர் கனூ. இதன் வயிற்றுக்குள் ஒரு குடும்பத்தின் சாமானையே வைக்கலாம். கவிழ்ந்தால் மட்டும் அந்த வயிறு முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிடும்.

ஒரு மணித்தியாலம் கதைத்து ஃபைபர் கனூவையே எடுத்தோம். தண்ணீர் நிறைந்தாலும் மிதக்க வேண்டும் என்பதால், அணியத்திலும் பின்பக்கத்திலும் காற்றடித்த மோட்டார் சைக்கிள் ரியூப் நாலு நாலாகச் செருகி, இருக்கைக்குக் கீழே நைலோன் கயிற்றால் இறுக்கிவிட்டோம். கட்டியது சரிதானா என்று இடுப்பளவுத் தண்ணீரில் கனூவைக் கவிழ்த்துப் பார்த்தோம். விளிம்பு மட்டும் வெளியே தெரிய, மூழ்காமல் நின்றது. கையால் உந்திக் கரைக்குக் கொண்டுவரவும் முடிந்தது. இதைச் செய்து பார்க்காமல் யாரும் திறந்த கனூவில் சாமான் ஏற்றிப் போகாதீர்கள்.

வியாழக்கிழமை

கனூவின் உட்பக்கத்தில் 300 கிலோ என்று அடித்திருக்கிறது. அது அலையே இல்லாத நீருக்கான கணக்கு. நாங்கள் 200 கிலோவோடு நிறுத்துவதென்று முடிவு செய்தோம். நான் 68, மச்சான் 71, ஆக 139. குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர், இரண்டு பேருக்கு இரண்டு நாள், 16 லீற்றர். அது 16 கிலோ. மீதி 45 கிலோ. உணவு, படுக்கை, கயிறு, வெளிச்சம், மருந்து எல்லாம் இந்த 45க்குள் அடங்க வேண்டும்.

குடாவைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தண்ணீர் என்றாலும் ஒரு மிடறும் குடிக்க உதவாது. அதனால் தண்ணீரில் மட்டும் நான் ஒரு சொட்டும் குறைக்கவில்லை. ஒரே பெரிய கலனில் எடுக்கவும் இல்லை. 4 லீற்றர் கலன் நாலு. ஒன்று உடைந்தால் மூன்று மிஞ்சும். பாரத்தைப் பிரித்து வைக்கவும் அதுதான் வசதி.

பின்னேரம் தம்பலகாமத்தில் மச்சான் வீட்டு முற்றத்தில், எடுக்க நினைத்ததை எல்லாம் குவித்து நெல் நிறுக்கும் தராசில் போட்டோம். 74 கிலோ.

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தோம். காஸ் சிலிண்டரும் அடுப்பும் 13 கிலோ, போனது. வாடியில் மூன்று கல் அடுப்பு இருக்கிறது, அரைப் பை சிரட்டை கொண்டுபோனால் இரண்டு நேரத் தேநீருக்கும் இரவுக் கஞ்சிக்கும் போதும். கரையில் விறகு பொறுக்கலாம் என்றான் மச்சான். கண்டல் மரத்தில் கைவைக்க நான் சம்மதிக்கவில்லை. அந்த வேருக்குள்தான் இறாலும் மீனும் குஞ்சாகக் கிடந்து வளர்கின்றன. மடக்குக் கதிரை இரண்டு, 7 கிலோ. ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி, 9 கிலோ. இரும்புச் சட்டியும் தாச்சியும், 4 கிலோ. எல்லாம் திரும்ப வீட்டுக்குள் போயின. 41க்கு வந்தது.

அதன் பிறகுதான் வாக்குவாதம். மேலதிகமாக ஒரு துடுப்பு எடுக்க வேண்டும் என்றேன்.

“மச்சான், ரெண்டு பேருக்கு என்னத்துக்கடா மூண்டு துடுப்பு? இடத்தை அடைக்கும்.”

“ஒண்டு போனா?”

“எங்க போகும்? கையில தானே இருக்கும்.”

அவன் சொல்வது பிழையென்று என்னால் காட்ட முடியவில்லை. ஆனாலும் கனூவின் உள்விளிம்போரம் இரண்டு இடத்தில் ரப்பர்ப் பட்டி போட்டு மூன்றாவது துடுப்பைக் கட்டிவிட்டேன். அதோடு 20 மீற்றர் கயிறு ஒன்றும், தண்ணீர் அள்ள அடி வெட்டிய கான் ஒன்றும். 44 கிலோவில் நின்றது.

படுக்கைக்குக் கூடாரம் எடுக்கவில்லை. வாடகைக்குக் கிடைத்த கூடாரம் காற்றுப் போக வழியில்லாதது. பங்குனிப் புழுக்கத்தில் அதற்குள் படுத்தால் விடிவதற்குள் வியர்வையில் அவிந்துபோவோம். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடித் தறப்பாள் ஒன்று, நுளம்பு வலை இரண்டு, பன்பாய் இரண்டு. தறப்பாள் கட்டுவதற்கு எங்கள் ஊரில் யாருக்கும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. மச்சானின் அம்மா மூலைக் கண்களைத் தடவிப் பார்த்தார். “இது இழுத்தாக் கிழியும்” என்று சொல்லி, ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்னக் கல்லை வைத்துத் துணிபோல மடித்து, கல்லின் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டுக் கட்டித் தந்தார். கண் கிழிந்தாலும் கல் விடாது. அந்த முடிச்சை அவர் எந்த முகாமில் பழகினார் என்று நான் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை

காலையில் மத்திய வீதி. நீல நிற மூடிப் பரல் ஒன்று, 30 லீற்றர் கொள்வது, இரும்பு வளையம் போட்டு இறுக்குகிற வகை. சாப்பாடும் மாற்றுடுப்பும் நெருப்புப்பெட்டியும் இதற்குள். நீர்புகாப் பை விற்கும் கடையும் இருக்கிறது, விலையைக் கேட்டுவிட்டு வந்தோம். படுக்கைக்குத் தடித்த பொலித்தீன் உறை இரண்டு வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டு, வெளியே உரப்பை ஒன்றால் மூடினோம். பொலித்தீன் தண்ணீரைத் தடுக்கும், உரப்பை கீறலைத் தடுக்கும். ஒவ்வோர் உறையின் வாயையும் முறுக்கி, மடக்கி, மடக்கிய இடத்தில் கட்ட வேண்டும். வெறுமனே முடிச்சுப் போட்டால் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

காலணி பற்றி ஒரு சொல். இந்தக் குடா பல்லாண்டுக் காலம் சிப்பிக்குப் பேர்போனது. ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கே முத்துக்காகச் சிப்பி எடுத்தார்கள். தட்டையாக, கண்ணாடிபோல ஒளி ஊடுருவுவது அந்தச் சிப்பி. சில நாடுகளில் அதன் ஓட்டைச் சன்னலுக்குக் கண்ணாடியாகப் பதித்தார்கள். சேற்றுக்குள் ஓட்டின் விளிம்பு நின்றால் பிளேட்டுத்தான். கண்டல் வேரில் ஒட்டியிருக்கும் மட்டியும் அப்படியே அறுக்கும். ரப்பர்ச் செருப்பைச் சேறு இழுத்து எடுத்துவிடும். ஆகவே கயிறு போட்டுக் கட்டும் பழைய கன்வஸ் சப்பாத்து. நனைந்தால் நனையட்டும்.

இனி உயிர்காப்பு அங்கி. இதில்தான் நான் அரை நாள் செலவழித்தேன், அதற்குக் காரணம் உண்டு. குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டும் காலத்தில், 2021 நவம்பர் 23 காலை, ஆட்களை ஏற்றிப்போன பாதை, அதாவது மிதவைப் படகு, கவிழ்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் போய்விட்டார்கள். நாங்கள் இறங்கப் போகும் இடத்துக்குக் கிட்ட, இதே கிண்ணியாவில். அந்தக் கரை எவ்வளவு பக்கமென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கரை பக்கத்தில் இருப்பது ஒரு காப்பு அல்ல.

கனூவோடு சும்மா தந்த அங்கிகளை எடுக்கவில்லை. அவற்றின் பஞ்சை நெரித்தால் திரும்பி வரவில்லை, தையலில் உப்புப் பூத்து நூல் இற்றிருந்தது. வாங்கும்போது உட்பக்கத்துச் சீட்டில், நீரில் எவ்வளவு தூக்கிப் பிடிக்கும் என்று சொல்லும் நியூட்டன் கணக்கைப் பார்த்தோம். 50 என்று போட்டது நீந்தத் தெரிந்தவர் கரைக்குக் கிட்டப் பாவிக்க உதவியானது. 150 போட்டது, மயங்கியவரையும் பொதுவாக முகம் மேலே பார்க்கத் திருப்பிவிடும். ஆனால் பருமன் கூட, கையை வீசித் துடுப்புப் போட விடாது. நடுவில் நின்று 100 எடுத்தோம். போட்டு, எல்லாப் பட்டியையும் இறுக்கி, மச்சானைப் பின்னால் நிற்கச் சொல்லித் தோளைப் பிடித்து மேலே இழுக்கச் செய்தேன். நாடிக்கு மேலே ஏறிய அங்கியை அப்படியே கழற்றிக் கொடுத்து, ஓரளவு சின்னதை எடுத்தேன். கழுத்தில் ஆளுக்கொரு விசில்.

கடற்படைக் காவலரணிலும் பொலிசிலும் எங்கே தங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்தோம். அம்மாவிடமும் ஒரு துண்டு. ஞாயிறு மூன்று மணிக்குள் அழைப்பு வராவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, யாருக்காவது காயம் என்றால் அம்புலன்ஸுக்கு 1990. தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம்.

பின்னேரம் கிண்ணியாவுக்குப் போய்ப் பாலத்தடியில் தோணி வைத்திருக்கும் நானாவைக் கண்டோம். 2009 இல் 396 மீற்றர்ப் பாலம் திறக்கிற வரைக்கும் அந்த இடத்தைப் பாதையில் கடந்தவர், நீரோட்டம் அவருக்குக் கைரேகை. போயாவுக்கு நீர் கூடப் பெருகும், கூட வத்தும், பாலத்துத் தூணடியில் இழுவை வலுக்கும் என்றார். ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் அளவில் பிந்தும் என்பதால் ஞாயிறு நேரத்தையும் சொல்லித் தந்தார். நாங்கள் கட்டிய மூட்டைகளின் கணக்கைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

“எல்லாம் சரி தம்பி. இருட்டுக்குள்ள முதல்ல எதைத் தேடுவீங்க?”

“ரோச்.”

“அது எங்க இருக்கு?”

பரலுக்குள், மாற்றுடுப்புக்குக் கீழே. இரவு வீட்டுக்கு வந்து பரலை முழுதாகக் கொட்டித் திரும்ப அடுக்கினோம். கடைசியாகத் தேவைப்படுவது அடியில், முதலில் தேவைப்படுவது வாயில். தலையில் கட்டும் ரோச், நெருப்புப்பெட்டி, நுளம்புச் சுருள், முதலுதவிப் பொட்டலம், கத்தி. இவை ஒரு சின்னத் துணிப்பையில், எல்லாவற்றுக்கும் மேலே.

சனிக்கிழமை, வாடி

பட்டா லொறியில் கனூவை ஏற்றி விடியப்புறம் வந்து சேர்ந்தோம். ஏற்றுவதற்கே நாற்பது நிமிடம். தண்ணீர்க் கலன்கள் நாலும் நடுவில் அடியோடு அடியாக, அவற்றின் இரு பக்கமும் பரலும் படுக்கையும், தறப்பாள் எல்லாவற்றுக்கும் மேலே. ஒன்றையும் விளிம்புக்கு மேல் உயர விடவில்லை. ஒவ்வொன்றையும் கனூவோடு கட்டினோம், ஆனால் எங்கள் காலைச் சுற்றக்கூடிய நீளத்தில் ஒரு கயிறும் தொங்கவில்லை. இருவரும் ஏறி உட்கார்ந்ததும் நானா கரையில் நின்று விளிம்பைக் கையால் அளந்தார். ஒரு சாண் தாராளமாகத் தண்ணீருக்கு மேலே நின்றது. அணியம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. ஒரு கலனைப் பின்னுக்குத் தள்ளினோம், மட்டமானது.

பெருகும் நீர் தானாகவே உள்ளே கொண்டுபோனது. பாலத் தூண்களை விட்டு விலகி நடு இடைவெளியால் புகுந்தோம். அப்புறம் குடா அகன்று திறந்தது. பாரம் ஏறிய கனூ ஆடாது, வெட்டித் திரும்பவும் மாட்டாது. திருப்பத்தை முன்கூட்டியே நினைக்க வேண்டும். இதைத் தவிரப் போன வழியில் எழுத ஒன்றுமில்லை. நீர் கண்ணாடிபோலக் கிடந்தது, கொக்கும் நீர்க்காகமும் கம்புகளில் இருந்தன, பத்து மணிக்கு வாடி வந்தது.

தறப்பாளை இரண்டு தென்னைக்கும் ஒரு கம்புக்கும் இடையில் கட்டினோம். கல் வைத்த மூலைகள் நன்றாகப் பிடித்தன. மதியம் அம்மாவின் சோத்துப் பார்சல். இரவுக்குக் கஞ்சி, அடுத்த நாளுக்குத் தேங்காய் ரொட்டியும் சீனிச்சம்பலும். வெங்காயத்தில் ஈரம் அறும்வரை எண்ணெயில் வதக்கிய சம்பல், ஐஸ் இல்லாமல் மூன்று நாள் கெடாது. கருவாடு வேண்டாமென்று நான்தான் தடுத்தேன். அந்த மணத்துக்கு நாயும் நரியும் வரும்.

படுக்கை உறை ஒன்றில் ஈரம். மச்சானுடையது. உறைக்குள் அவன் ஒரு கரண்டியைச் சேர்த்துச் செருகியிருந்தான், அதன் காம்பு இரண்டு பொலித்தீனையும் குத்தியிருக்கிறது. பன்பாயின் ஒரு பக்கம் நனைந்து கனத்துக் கிடந்தது. வெயிலில் போட்டுக் காய்ந்தது. கூரான எதுவும் பரலைவிட்டு வெளியே வரக்கூடாது.

இருட்டியதும் வடக்கே சீனக்குடாப் பக்கம் வானம் மஞ்சளாக வெளுத்திருந்தது, கிழக்கே நிலவு. வலைக்குள் படுத்துக் கதைத்துக்கொண்டிருந்தோம். பத்தரை இருக்கும். நீர் கனூவைத் தட்டும் சத்தம் கேட்டது. கனூவை நாங்கள் இழுத்து வைத்தது கரையில் நல்ல மேட்டில். இங்கே கடல் ஏறி இறங்குவது மொத்தமாக ஒரு மீற்றருக்குள்தான். ஆனால் கரை இவ்வளவு தட்டையாக இருந்தால் ஒரு முழம் ஏற்றம் பத்துப் பன்னிரண்டு பாகம் தரையை விழுங்கிவிடும். கை தானாகத் துணிப்பைக்குப் போனது, ரோச் அங்கே இருந்தது. கனூ கண்டல் வேரோடு கட்டியபடி மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மணலில் சாத்தியிருந்த இரண்டு துடுப்பையும் காணவில்லை.

ஒன்று பத்தடி தள்ளி வேருக்குள் சிக்கி நின்றது. மற்றதை அரை மணி நேரம் தேடினோம். நிலவு பட்டு அசையும் ஒவ்வொரு சுளியும் துடுப்புப் போலவே தெரிந்தது. முழங்காலுக்கு மேல் இறங்க மச்சான் வெளிக்கிட்டான், நான் விடவில்லை. கனூவைத் திரும்ப மேலே இழுத்துக் கட்டிவிட்டு ரோச்சை உள்விளிம்பில் அடித்தேன். மூன்றாவது துடுப்பு ரப்பர்ப் பட்டிக்குள் அப்படியே இருந்தது. மச்சான் அதை ஒருதரம் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

நானா சொன்னபடி காலையில் வாயடியில் நீர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், எதிர்த்துப் போக முடியாது. வத்தும்வரை காத்திருந்தால் கடற்காற்று எழும்பிவிடும், அதுவும் எங்கள் முகத்துக்கு நேரே. இரண்டில் எது மோசம் என்று தேநீர் முடியும்வரை யோசித்தோம். ஒன்பதுக்கு வெளிக்கிட்டுக் கண்டல் ஓரமாகவே மெதுவாக வந்து, வாய்க்கு உள்ளே ஒரு வளைவில் கனூவைக் கட்டிக்கொண்டு நீர் நிற்கும்வரை இருந்தோம். குடித்து முடித்த கலன்களைத் தூக்கி எறியாமல் மூடி இறுக்கி அணியத்தில் கட்டியிருந்தோம், அதுவும் மிதவைதான். வெறும் கனூவைக் காற்றுத் திருப்புகிறது என்று கண்டதும் மிச்சச் சாமானை இன்னும் முன்னால் தள்ளினோம். அப்புறம் நேராக ஓடியது.

நீர் நின்ற அந்தக் கால் மணி நேரத்தில் பாலத்தைக் கடந்தோம். மேலே பஸ் போகும் சத்தம் கேட்டது. விளிம்பால் ஒரு தரம் தண்ணீர் உள்ளே தெறித்தது, வெட்டிய கானால் அள்ளி ஊற்றினேன். பன்னிரண்டுக்கு முன் கரை. அம்மாவுக்கு அழைத்தேன்.

நானா மூட்டைகளை இறக்க வந்தார். துடுப்புப் போனதைச் சொன்னேன். காற்று மாறினால் குறிஞ்சாக்கேணிப் பக்கம் ஒதுங்கும், பெடியன்களிடம் சொல்லிவைக்கிறேன் என்றார். கனூ தந்தவருக்கு அதன் காசைக் கொடுத்தாக வேண்டும். பின்னர் நான் கழற்றிய அங்கியைக் கையில் எடுத்துப் பஞ்சை நெரித்துப் பார்த்தார், பட்டியை இழுத்துப் பார்த்தார், சீட்டை வெயிலுக்குப் பிடித்து வாசித்தார்.

“இது சின்னப் பிள்ளைக்கும் இருக்கா தம்பி?”

“இருக்கு நானா. வயசுக்கில்ல, நிறைக்குத்தான் எடுக்கணும். காலுக்கிடையால ஒரு பட்டி வரணும், இல்லாட்டி தண்ணிக்குள்ள மேலால கழண்டிடும்.”

“பேத்தி இருபத்திமூணு கிலோ.”

ஈரப் பையிலிருந்து கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன். இப்போது வீட்டில் தறப்பாளை நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டாயிற்று, சப்பாத்தின் சேறு இன்னும் போகவில்லை. நாளைக்கு மத்திய வீதிக் கடை திறக்கும்.